சர்வர் படிக்காத வரிகள்

‘அழித்தால் அவளுக்குத் தெரிந்துவிடுமோ?’

படியேறும்போது இந்த எண்ணம்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். நான் அழிக்கப் போனது ஒரு கம்ப்யூட்டர் ஃபைலில் இருந்த பதினொரு வரிகளை. அவற்றை எழுதிய பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை. கல்ஃபுக்குப் போய்விட்டாள் என்று சொல்லியிருந்தார்கள். அவளுக்கு எப்படித் தெரியும்?

தெரிந்தது.

இதை நம்பச் சொல்லி உங்களைக் கெஞ்சப் போவதில்லை. தேதி சொல்கிறேன். 2003 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. இடம், தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மூன்று மாடிக் கட்டடம். முதல் இரண்டு மாடியும் லாட்ஜ். மூன்றாவதில் எங்கள் ஆபீஸ். நடந்ததற்கு ஒரு வாட்ச்மேன் சாட்சி, ஒரு எலக்ட்ரீஷியன் சாட்சி, ஒரு ஃபிளாப்பி சாட்சி. ஃபிளாப்பி இப்போது என்னிடம் இல்லை. பொன்முடி எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்தில் ஒரு வீட்டில், பைபிளுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கரமனையிலிருந்து பஸ்ஸில் வந்துபோவேன். வெப்சைட் செய்து கொடுக்கும் அந்தச் சின்னக் கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மறுநாள், திங்கட்கிழமை, வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆக்காவிட்டால் வீட்டில் உட்கார வேண்டும். என் ஜாதகம் ஏற்கெனவே நாலு வீடு சுற்றிக்கொண்டிருந்தது. என்னைப் பற்றிய பேச்சு கூடத்தில் நடக்கும். நான் அடுக்களையில் இருப்பேன். காபி மட்டும் கூடத்துக்குப் போகும்.

அன்று மத்தியானம் முதலாளி பிரஜின் சார் எங்கள் வீட்டுக்குப் போன் செய்தார். ஒரு கல்யாணத்துக்காக மார்த்தாண்டம் போயிருந்தார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

“நாகலக்ஷ்மி, ஒரு சின்னப் பணி உண்டு கேட்டியா. அந்தப் பொன்முடி கெஸ்ட் ஹவுஸ் சைட்டு இல்லியா? நாளைக்கு பார்ட்டி பாக்க வருவான். பூட்ட எடுத்து விடணும்.”

“நாளைக்குக் காலம்பற சீக்கிரமா வந்து பண்ணிடட்டுமா சார்?”

“வேண்டாம். இண்ணைக்கே தீரணும். அதோட அதுல ஹாஷ் போட்ட வரியொக்க உண்டுல்லா, ஜெஸ்லின் பேரு வச்சு? அதொண்ணும் இருக்கப்பிடாது. ஒண்ணு விடாம எடுத்துரு.”

“அது வெறும் குறிப்புதானே சார். சர்வர் அதைப் படிக்கவே படிக்காதே.”

“படிக்காதுல்லா? அப்ப போனா என்ன நஷ்டம்?” சிரித்தார். “எடுத்துரு மோளே. நாளைக்கு உனக்க ஆர்டர்ல நான் ஒப்பு போடணும்லா.”

சரி என்றேன். போனை வைத்த பிறகும் கை அதன் மேலேயே இருந்தது.

அந்த ஃபைலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ஒவ்வொரு வெப்சைட்டின் வாசலிலும் ஒரு சின்ன ஃபைல் இருக்கும். யாரை உள்ளே விடு, யாரை நிறுத்து, பழைய பக்கத்தைக் கேட்டு வருபவரை எந்தப் பக்கத்துக்கு அனுப்பு என்று சர்வருக்கு உத்தரவுகள். நூறு படமும் ஐம்பது பக்கமும் சேர்ந்து செய்யாததை இந்த இருபது வரி செய்துவிடும். ஒரு எழுத்து தவறினால் சைட் முழுக்க விழுந்துவிடும்.

எனக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. என் மேஜை இழுப்பறையில் ஒரு நீல நிற நீள நோட்டு இருந்தது. முதல் பக்கத்தில், ‘அடுத்து இந்த நாற்காலியில் உட்காருபவருக்கு’ என்று எழுதி, கீழே ‘ஜெஸ்லின்’ என்று கையெழுத்து. உருண்டை உருண்டையான எழுத்து.

‘சர்வர் கோபக்காரன். ஒரு கமா தப்பினாலும் ‘பிழை ஐந்நூறு’ என்று கத்துவான். அழாதே. நான் அழுதிருக்கிறேன், பிரயோஜனம் இல்லை. பழைய ஃபைலைத் திரும்ப ஏற்று, அடங்கிவிடுவான்.’

‘முதலில் ஃபைலைச் சர்வரிலிருந்து இறக்கு. பிறகு ஒரு நகல் எடுத்துத் தேதி போட்டு வை. அப்புறம்தான் கை வை. ஒன்றை மாற்று, ஒன்றைப் பார்.’

‘இந்த ஃபைலின் பெயர் புள்ளியில் தொடங்கும், அதனால் பட்டியலில் தெரியாது. தெரியாததால் இல்லை என்று நினைக்காதே. மறைந்திருப்பதையும் காட்டு என்று கேள். காட்டும்.’

‘எதை மாற்றினாலும் வரியின் தொடக்கத்தில் ஹாஷ் (#) போட்டு உன் பெயர், தேதி, நேரம் எழுது. ஹாஷ் போட்ட வரியைச் சர்வர் படிக்க மாட்டான். உனக்குப் பின்னால் வருகிறவள் படிப்பாள்.’

மூன்று மாதமாக நான் அந்த நோட்டோடுதான் வேலை செய்தேன். பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கும். சில நாள் பஸ்ஸில் போகும்போதுகூட அவளுக்கு மனசுக்குள்ளேயே பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டில் நானும் ஹாஷ் போட்ட வரிதான், ஜெஸ்லின். இருப்பேன். யாரும் படிக்க மாட்டார்கள். இப்படி எதையாவது.

அவள் பெயரைத்தான் அன்று அழிக்கப் போனேன்.

மாலை 6.40. மழை நசநசவென்று பெய்துகொண்டிருந்தது. வாட்ச்மேன் வன்னியராஜ் அண்ணன் என்னோடு மேலே ஏறி வந்தார். கோவில்பட்டிக்காரர். லாட்ஜுக்கும் எங்களுக்கும் சேர்த்து அவர்தான். மூன்றாம் மாடிப் படி முடியும் இடத்தில் ஒரு கம்பிக் கதவு உண்டு. மடங்கி மடங்கித் திறக்கும் இரும்புக் கதவு. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால்தான் நகரும். அவர் இழுத்தார். க்றீச்...

“ஞாயித்துக்கெழமையும் விட மாட்டாங்களாம்மா? அந்தப் பொட்டிக்கு லீவே கெடையாதோ?”

“அரை மணி நேர வேலைதான் அண்ணா.”

“ஏழரைக்குக் கரண்டு போவும். அதுக்குள்ள எறங்கப் பாருங்க. எனக்கும் சோலி கெடக்கு. கரண்டு போன ஒடனே மோட்டார் சுச்சைப் போட்டு வைக்கணும். எட்டு மணிக்கு வந்ததும் தன்னால தண்ணி ஏறணுமாம். மறந்தேன்னு வையுங்க, லாட்ஜுல சோப்புப் போட்டு நிக்கவன் பூரா என்னைய ஏசுவான்.”

சிரித்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு இறங்கினார்.

6.51. கம்ப்யூட்டரைப் போட்டேன். மோடம் வழக்கம்போல் கீச்சிட்டு, இரைந்து, அடங்கியது. இணைப்பு கிடைத்தது. கெஸ்ட் ஹவுஸ் சைட்டைத் திறந்து பார்த்தேன். பொன்முடியின் மூடுபனிப் படம் மெதுவாக மேலிருந்து கீழே இறங்கியது.

ஏதோ இடறியது. அந்த சைட் பூட்டியிருக்க வேண்டும். வேலை முடியாத சைட் என்பதால், ஒரே ஒரு இன்டர்நெட் எண்ணிலிருந்து வருபவரைத் தவிர வேறு யாரையும் விடாதே என்று ஜெஸ்லின் பூட்டியிருந்தாள். போன வாரம் நான் பார்த்தபோது ‘அனுமதி இல்லை’ என்றுதான் வந்தது. இன்று திறக்கிறது. பூட்டு பழுதாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

6.58. ஃபைலை இறக்கினேன். ஃபிளாப்பியில் ஒரு நகல் எடுத்தேன். தேதி போட்டேன். பிறகு நோட்பேடில் திறந்தேன்.

பதினொரு ஹாஷ் வரிகள். எல்லாமே இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். ஒவ்வொன்றிலும் அவள் பெயர், தேதி, நேரம். கடைசி வரி இப்படி இருந்தது:

‘ஜெஸ்லின். 9-2-2003 ஞாயிறு. இரவு 7.52. பூட்டு போட்டேன். யு.பி.எஸ். கத்துகிறது. கிளம்புகிறேன்.’

அதற்குக் கீழே பூட்டு, இரண்டே உத்தரவு. எல்லோரையும் நிறுத்து. இந்த ஒரு எண்ணை மட்டும் விடு. 117 என்று முடியும் ஒரு நீளமான எண்.

அவளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே நாற்காலியில், தனியாக... அந்த நினைப்போடு பதினொரு வரியையும் தேர்வு செய்தேன். பூட்டையும் சேர்த்தேன். அழித்தேன்.

7.08. ஏற்றினேன்.

நோட்டு சொன்னபடி மறுபடி இறக்கிப் பார்த்தேன்.

பதினொரு வரியும் இருந்தன.

பிறகு பட்டியலைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. நோட்பேட் தன் வழக்கப்படி பெயரின் வாலில் ஒரு ‘டெக்ஸ்ட்’ ஒட்டியிருந்தது. சர்வரில் புதிய ஃபைல் வேறு பெயரில் தனியாகக் கிடந்தது. பழையது அப்படியே இருந்தது. புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. நோட்டில் அதற்கே தனிப் பக்கம் உண்டு. ‘நீயும் செய்வாய்’ என்று அடியில் எழுதியிருப்பாள்.

“செஞ்சாச்சு ஜெஸ்லின்” என்றேன், வாய்விட்டு.

காலி அறையில் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

7.16. வாலை வெட்டிவிட்டுச் சரியான பெயரில் ஏற்றினேன். மாற்றட்டுமா என்று கேட்டது. மாற்று என்றேன். முடிந்தது.

மறுபடி இறக்கித் திறந்தேன்.

பதினொரு வரியும் இருந்தன. பூட்டும் இருந்தது.

பன்னிரண்டாவதாக ஒரு வரி இருந்தது.

‘ஜெஸ்லின். 13-7-2003. மாலை 7.17. திரும்ப வைத்தேன்.’

கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தேன். அதே தேதி. இன்றைய தேதி. சுவரில் கடிகாரம் பார்த்தேன். 7.18.

யாரோ விளையாடுகிறார்கள். பாஸ்வேர்ட் தெரிந்த யாரோ. கல்ஃபில் உட்கார்ந்து அவளேகூட இருக்கலாம். மனசு வேகமாகக் காரணம் தேடியது. சர்வரின் பட்டியலைப் பார்த்தேன். எங்கள் சர்வர் அமெரிக்காவில் எங்கோ இருந்தது. நம் நேரத்துக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். அதனால் எந்த ஃபைலை எப்போது ஏற்றினாலும் அந்த ஊர் நேரம்தான் பக்கத்தில் விழும். நான் சற்றுமுன் தப்பாக ஏற்றியதற்குக் காலை 8.38 என்று இருந்தது.

இந்த ஃபைலுக்கு மட்டும் மாலை 7.17.

நம் ஊர் நேரம்.

யார் வருகிறார்கள், எந்த எண்ணிலிருந்து வருகிறார்கள் என்று பார்க்க நினைத்தேன். முதலில் என் எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதுவும் நோட்டில் படித்ததுதான். டயல் செய்து இணையும்போது, இன்டர்நெட் கம்பெனி கையில் இருக்கும் எண்களில் ஏதோ ஒன்றைத் தரும். ஒவ்வொரு முறையும் வேறு. நேற்று கிடைத்தது இன்று கிடைக்காது. திரையின் மூலையில் இணைப்பின் சின்னத்தைத் தட்டினால் தெரியும்.

தட்டினேன்.

117 என்று முடிந்தது.

ஃபைலில் இருந்த பூட்டைப் பார்த்தேன். எண்ணைப் பார்த்தேன். விரலை வைத்து, ஒவ்வொரு இலக்கமாக...

ஒன்றுதான்.

பூட்டு பழுதாகவில்லை. என்னை அனுமதித்திருக்கிறது. பிப்ரவரியில் ஒருத்தி எழுதி வைத்த எண், ஜூலையில், இன்று மாலை 6.51-க்கு எனக்குக் கிடைத்திருக்கிறது. யாரையும் விடாதே, இவளை மட்டும் விடு.

எனக்கு அப்போது வந்தது முழுப் பயம் அல்ல. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் எனக்காகக் காத்திருந்ததுபோல ஒரு நினைப்பு. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. காலிலிருந்து ஏறியது.

போன் செய்யலாம் என்றால் ஒரே லைன். இணைப்பைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்கக் கை வரவில்லை.

7.30. கரண்ட் போனது.

விளக்கு, ஃபேன், தெரு, எல்லாம். கீழே லாட்ஜில் யாரோ சலிப்பாக ஊளையிட்டான். திரை மட்டும் எரிந்தது. யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. பீப்... பீப்... நாலு விநாடிக்கு ஒருமுறை.

சேலைத் தலைப்பை இறுக்கிக்கொண்டு, கடைசியாக ஒருமுறை அந்த ஃபைலை இறக்கினேன். ஏன் என்று தெரியாது.

பதின்மூன்று வரிகள்.

‘ஜெஸ்லின். 13-7-2003. இரவு 7.31. கதவைத் தொடாதே. எட்டு ஆகட்டும், பார்.’

பீப்... பீப்...

எந்தக் கதவு?

என்னை வெளியே விடாமல் வைக்கவா?

நோட்டைப் புரட்டினேன். கதவு என்ற சொல்லே அதில் இல்லை. ஃபிளாப்பியை எடுத்துக் கைப்பையில் போட்டேன். நோட்டையும் போட்டேன்.

7.47. பீப் சத்தம் ஒரே நீளமாக இழுத்தது. திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி...

இருட்டு.

நல்ல இருட்டு. என் கை எனக்குத் தெரியவில்லை. தூரத்தில் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு கேட்டது. மழை கேட்டது. என் மூச்சு கேட்டது.

நாற்காலியின் முதுகில் ஈரமாக ஏதோ பட்டதுபோல இருந்தது. என் வேர்வைதான். என் வேர்வைதான் என்று சொல்லிக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் உட்கார முடியும்? பத்து நிமிஷம் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

கைக்கடிகாரத்தில் ரேடியம் முள். 7.58.

எழுந்தேன். சுவரைத் தடவிக்கொண்டே நடந்தேன். மேஜை. அலமாரி. வாசல்.

கம்பிக் கதவின் இடுக்கு வழியாக மழைக்காற்று முகத்தில் அடித்தது. காலடியில் தண்ணீர். ஒரு பக்கச் செருப்பைக் காணவில்லை.

கையை நீட்டினேன்.

பின்னால்...

டக்.

நின்றேன்.

டக். டக். டக்.

கீபோர்ட்.

செத்துப்போன கம்ப்யூட்டரின் கீபோர்ட்.

நிதானமாக. ஒரு வரி எழுதுகிற வேகத்தில். டக் டக்... டக்...

கடைசியில் ஒரு பெரிய கீயின் சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை.

கையை இழுத்துக்கொண்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. கதவுக்கும் அந்த அறைக்கும் நடுவில், எதையும் தொடாமல், இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு நின்றேன்.

கீழேயிருந்து டார்ச் வெளிச்சம் ஏறியது. வன்னியராஜ் அண்ணன்.

“அம்மா, இருட்டுல பயந்துட்டியளா? இருங்க, கதவ இழுத்து விடுதேன்.”

மழையில் நனைந்த உருவம். வெறுங்கால். வலது கை கம்பியை நோக்கி...

“தொடாதீங்கோ.”

என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றுதான் தெரியும். அவர் கை அந்தரத்தில் நின்றது. கம்பிக்கும் கைக்கும் நடுவில் ஒரு சாண்.

“என்னம்மா?”

“தொடாதீங்கோ அண்ணா. எட்டு ஆகட்டும்.”

“எட்டா? ஏன், எட்டு மணிக்கு மேல இது தங்கக் கதவாயிருமா?”

டியூப் லைட் துடித்தது. ஒருமுறை. இருமுறை. எரிந்தது. 8.00.

கீழே லாட்ஜின் மோட்டார் உறுமிக்கொண்டு எழுந்தது.

அதே கணம் கதவு பேசியது. ‘ம்ம்ம்ம்...’ என்று, காதருகே ஒரு வண்டு போல. மேல் சட்டத்தில் ஒரு சின்ன நீலப் பொறி விழுந்தது.

வன்னியராஜ் அண்ணன் மூன்று படி பின்னால் போனார். சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார். நுனியைக் கம்பியில் வைத்தார்.

டெஸ்டருக்குள் சிவப்பாக எரிந்தது.

அவர் என்னையே பார்த்தார். “ஒங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

“முதல்ல மோட்டாரை நிறுத்துங்கோ அண்ணா.”

அவர் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார். மறுபடி வந்து டெஸ்டர் வைத்தார். எரியவில்லை. 8.12-க்கு நான் படியிறங்கினேன். கரமனை பஸ்ஸில் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் அம்மா, “என்னடி, செருப்பை எங்க விட்டே?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எலக்ட்ரீஷியன் யோசுவா ஏணி போட்டு நின்றார். பாறசாலைக்காரர். மோட்டாருக்குப் போகும் வயர் கதவின் மேல் சட்டத்தை ஒட்டித்தான் போகிறது. கதவு உரசி உரசித் தோல் உரிந்திருந்தது. மோட்டார் ஓடும்போது மட்டும் கதவுக்குள் கரண்ட்.

“நான் அப்பவே சொன்னேன், வயரு மாத்தணும்னு” என்றார், கீழே பார்க்காமல். “டேப்பு சுத்தினா போரும்னு சொன்னாங்க. சுத்தினேன். டேப்பு எத்தன நாளு நிக்கும்?”

“எப்ப சொன்னேள்?”

“பெப்ருவரில. ஒரு கொச்சுப் பொண்ணு இல்லியா, உங்க ஆபீசுல? பொன்முடி எஸ்டேட்டுக்காரக் கொச்சு. ஞாயித்துக்கிழமையாக்கும். கரண்டு வந்த சமயம். கதவப் பிடிச்சபடியே நிண்ணுது, பாவம்.”

வன்னியராஜ் அண்ணன் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அவரும் வேலைக்கு வந்து மூன்று மாதம்தான். அவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

“ஜெஸ்லின் கல்ஃபுக்குப் போனதா ஆபீஸ்ல எல்லாரும் சொன்னாளே...”

“கல்ஃபா?” யோசுவா அப்போதுதான் குனிந்து பார்த்தார். “அப்பன் இப்பவும் வந்துட்டுதான் இருக்கான். எல்லாத் திங்களாழ்ச்சையும், பொன்முடி பஸ்ஸுல. லேபர் ஆபீசுக்கு, நஷ்டஈடு கேட்டு. அவ வெள்ளிக்கிழமையே வேலைய விட்டாச்சு, ஞாயித்துக்கிழமை இங்க அவளுக்கு ஒரு ஜோலியும் இல்ல, படியில வழுக்கி விழுந்து செத்தா, அப்படீன்னு உங்க ஆபீசுல எழுதிக் கொடுத்திருக்காங்க. அவ வேலைக்கு வந்தான்னு காட்ட அவன் கையில ஒரு துண்டுக் கடுதாசி கூட இல்ல.”

ஞாயிறு. இரவு 7.52. யு.பி.எஸ். கத்துகிறது. கிளம்புகிறேன்.

கைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். ஃபிளாப்பி இருந்தது.

பத்தரை மணிக்கு இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் செய்தேன். மனசுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஒரே எண் இரண்டு முறை கிடைக்கலாம் இல்லையா? அவளுக்கும் அன்று அதே எண் கிடைத்திருக்கலாம். நடக்காததல்ல. அந்தப் பையன் எண்ணைக் கேட்டு, எதையோ தட்டிப் பார்த்தான்.

“மேடம், பெப்ருவரியிலா? சான்ஸே இல்ல. அந்த வரிசை நம்பரே எங்களுக்கு ஜூன்லதான் கிடைச்சுது. அதுக்கு முன்ன நம்ம ஊர்ல ஒருத்தருக்கும் அந்த நம்பர் போயிருக்காது.”

“ஒருத்தருக்குமா?”

“ஒருத்தருக்கும்.”

நன்றி சொல்லி வைத்தேன். இன்றுவரை அதற்குமேல் எனக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை.

பிரஜின் சார் 11.35-க்கு வந்தார். கல்யாண வீட்டுச் சந்தனம் நெற்றியில் காய்ந்திருந்தது. நேராக என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். கையில் என் ஆர்டர் இருந்தது. பேனாவும் இருந்தது.

“திற. பாக்கட்டு.”

திறந்தேன். பதின்மூன்று வரிகள். கதவருகே நான் கேட்ட கீபோர்ட் சத்தம் எதை எழுதியது என்று தேடினேன். பதினான்காவது வரி இல்லை. ஒரு ஹாஷ் மட்டும் இருந்தது. அதற்குப் பின்னால் காலி. யாரோ எழுத இடம் விட்டு வைத்ததுபோல.

அவர் கடைசி இரண்டு வரியையும் படித்தார். நீண்ட நேரம் படித்தார். பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.

“நாலு தடவ எடுத்தேன்” என்றார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. “நான். நாலு தடவ. நீ எடுத்தா போவும்னு நெனச்சேன்.” பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். “இப்ப எடு. எனக்க முன்னால எடு. பன்னெண்டு மணிக்கு பார்ட்டி வருவான்.”

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். அதில் என் பெயர் டைப் அடித்திருந்தது. என் வீட்டுக் கூடம் ஞாபகம் வந்தது. அங்கே போகும் காபி டம்ளர்கள் ஞாபகம் வந்தன.

கர்சரை அந்தக் காலி ஹாஷுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். என் பெயரை அடித்தேன். தேதி. நேரம் 11.41. ‘படித்தேன். ஒன்றையும் மாற்றவில்லை.’

ஏற்றினேன். இரண்டு விநாடி ஆயிற்று.

“நாகலக்ஷ்மி, நான் எடுக்கச் சொன்னது காதுல விழல்லியா?”

“விழுந்தது சார்” என்றேன். “எடுக்க மாட்டேன்.”